போகவர அளந்த கேபிள்

வண்டிகளுக்கு வயரிங் செய்யும் கரண்டக்காவுக்குக் கோபம் வந்தால் கேபிள் ஒரு சைஸ் தடித்துவிடும் என்று டிரைவர்கள் கேலி பேசுவார்கள். பொய்யில்லை. முப்பத்தைந்து ஸ்கொயர் தடிமன் கேபிள் போதும் என்று யாராவது வாயைத் திறந்தால், அவள் ஐம்பதை எடுத்து மேசையில் டொப்பென்று போடுவாள். "நீ போதும்னு சொன்னா ஆச்சா? உன் செல்ஃப் மோட்டாரு சொல்லணும்" என்பாள். அப்புறம் வாதாடிப் புண்ணியமில்லை. டிரைவர் வாயை மூடிக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவான்.

அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. வண்டியிலுள்ள எல்லா விளக்கையும், ஹார்னையும், பாட்டுப் பெட்டியையும் ஒன்றாகப் போட்டாலும், சாவியைத் திருப்பும் அந்த ஒரு நொடியில் எஞ்சினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் இழுக்கிற கரண்டில் கால்வாசி வராது. கேபிள் மெல்லிசாக இருந்தால் வோல்ட் எல்லாம் வழியிலேயே விழுந்துவிடும். பேட்டரி புதுசாக இருக்கும், மோட்டாரும் நன்றாக இருக்கும், ஆனால் வண்டி 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளும். நீளம் கூடினால் தடிமனும் கூட வேண்டும். இது எல்லா எலக்ட்ரீஷியனுக்கும் தெரிந்த கணக்குதான். பெரும்பாலோர் கோட்டை விடுவது வேறு இடத்தில். பேட்டரியிலிருந்து மோட்டார் வரைக்கும் அளப்பார்கள். மோட்டாரிலிருந்து கரண்ட் பேட்டரிக்குத் திரும்பி வர வேண்டுமே, அந்த வழியை யாரும் அளக்க மாட்டார்கள். யார் கேபிள் வாங்க வந்தாலும் அவள் முதலில் கேட்பது, "போகவர அளந்தியா?" என்பதுதான். புதிதாக வருகிறவர்கள் பஸ் டிக்கெட் கேட்கிறாளோ என்று விழிப்பார்கள்.

ஒர்க்ஷாப்பில் பாதி அவளுடையது. மீதி அவள் புருஷனுடையது. அவர் எஞ்சின் மெக்கானிக். எல்லோரும் அவரை மெக்கானிக் என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவளும் வெளி ஆட்களிடம் 'எங்க மெக்கானிக்' என்றே சொல்லப் பழகிவிட்டாள். பேச்சு வராத மனிதர். பேச வேண்டியதையெல்லாம் ஸ்பேனரிடம் பேசி முடித்துவிட்டு, மிச்சம் இருந்தால் மனிதர்களிடம் பேசுவார். அந்த மிச்சமும் வண்டி பாஷையில்தான் வரும். சாப்பாடு காரமாக இருந்தால் "எஞ்சின் சூடாகுது" என்பார். மகள் வயிற்றில் இருந்தபோது, "லோடு வண்டி, பார்த்துப் போ" என்றார். அவளுக்குக் காய்ச்சல் வந்தால், "ரேடியேட்டர் கொதிக்குதா?" என்று நெற்றியில் கிரீஸ் கையை வைப்பார். அந்த பாஷையிலேயே அவள் குடும்பம் நடத்தினாள். அவர் எந்த அர்த்தத்தில் எதைச் சொல்கிறார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அப்படிப்பட்டவள் கடைசியில் ஏமாந்தது அந்த பாஷையில்தான் என்பதை நினைத்தால் எனக்கே வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

அந்த மகள் இப்போது இல்லை. காய்ச்சல் என்று படுத்தாள். ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போனாள், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனவள் திரும்பி வந்து அதைப் போட்டுக்கொள்ளவில்லை. மெக்கானிக் அந்தச் செருப்பை ஒரு பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்தார். காலேஜில் கடைசி வருஷம். அம்மாவை அச்சில் வார்த்தது போல இருப்பாள். அதே மூக்கு, அதே தெற்றுப் பல். சிரிப்புகூட அதேதான், முதலில் மூக்கில் ஒரு சத்தம் வரும், அப்புறம்தான் வாய் திறக்கும். போனில் பேசினால் யார் அம்மா, யார் மகள் என்று மெக்கானிக்குக்கே குழம்பும். "ரெண்டு பேருக்கும் ஒரே ஹார்ன்" என்பார்.

அவள் போன பிறகு வீட்டில் பேச்சு நின்றுபோயிற்று. யாரும் யாரோடும் சண்டை போடவில்லை, சண்டை போடவும் ஒரு தெம்பு வேண்டும் அல்லவா. அப்படியிருக்க ஒரு நாள் மெக்கானிக் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு டீசல் வேனைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். டயர் இல்லை, கண்ணாடி இல்லை, எஞ்சின் இறுகிக் கிடந்தது.

"எதுக்குங்க இது?" என்று கேட்டாள்.

"எங்கயாவது போயிடணும் போல இருக்கு."

அவ்வளவுதான் சொன்னார். யார் போக வேண்டும் என்று சொல்லவில்லை. நம் பேச்சில் அதைச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லையே. அவள் கேட்கவில்லை. புருஷன் பொண்டாட்டிக்குள் 'போயிடணும்' என்றால் ரெண்டு பேரும்தான் என்று எடுத்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் ரொம்ப நாள் கழித்து அவளுக்குச் சோறு உள்ளே இறங்கியது. இந்தத் தெருவை விட்டு, மகள் நடந்த இந்தப் படிகளை விட்டு, அவரோடு அந்த வேனில் ஏறிப் போய்விட வேண்டும். அவளுக்கு உலகத்தில் மிச்சமிருந்த ஆசை அந்த ஒன்றுதான்.

மெக்கானிக் எஞ்சினைப் பிரித்தார். அவள் பழைய வயரையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாக இழுத்தாள். பின்பக்கம் படுக்கப் பலகை, ஒரு அடுப்பு மேடை. அவள் உயரம் கொஞ்சம் கம்மி. எந்த வண்டியில் உட்கார்ந்தாலும் கால் தொங்கும், அரை மணி நேரத்தில் மரத்துப்போகும். அதைப் பார்த்துத்தான் மெக்கானிக், அவள் கேட்காமலேயே, இடது பக்கம் தரையில் ஒரு கால் பலகை வெல்டிங் செய்து வைத்தார். அளவெடுக்க அவள் பாதத்தைத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அந்த இடத்தில் முன்பு பேட்டரிப் பெட்டி இருந்தது. கால் பலகை வந்ததால் பேட்டரியைப் பின்னால் படுக்கைக்கு அடியில் கொண்டுபோவது என்று முடிவாயிற்று.

சீட்டை அவளே தேர்ந்தெடுத்தாள். உடைத்துக்கொண்டிருந்த பஸ்ஸிலிருந்து ஒற்றைச் சீட்டு. ஸ்பாஞ்ச் மக்கிப்போயிருந்தது. அதை உரித்துவிட்டு, மகள் போர்த்திக்கொண்டிருந்த பஞ்சுப் போர்வையை மடித்து உள்ளே வைத்து, மேலே பச்சை ரெக்ஸின் தைத்தாள். பச்சை நூல் தீர்ந்துபோய் ஒரு ஓரம் மஞ்சள் நூலில் முடிந்தது. மெக்கானிக் எதிரில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தினமும் சாயங்காலம் டீயைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் அந்தச் சீட்டில் ஏறி உட்காருவாள், கால் பலகையில் காலை வைப்பாள். டயரே இல்லாத வண்டியில் ரோட்டைப் பார்ப்பது போல் சுவரைப் பார்ப்பாள். "ஒத்திகை" என்பாள்.

சீட்டு தைத்த பிறகு சில விஷயங்கள் மாறின. படுக்கப் பலகை ஒரு ஆள் அகலத்துக்குச் சுருங்கியது. கேட்டதற்கு, "அடுப்பு இடிக்குது" என்றார். நெருக்கிப் படுத்துக்கொண்டால் போகிறது என்று அவள் விட்டுவிட்டாள். பிறகு ஒரு நாள் சீட்டைக் கழற்றி வெளியே எடுத்தார். "தரையில துரு. வெல்டிங் பண்ணணும்" என்றார். துரு இருந்ததும் உண்மைதான். டயரும் கண்ணாடியும் மாட்டி வண்டி ஏறக்குறைய முடிந்துவிட்டது, பேட்டரி கேபிள் ஒன்றுதான் பாக்கி.

கேபிள் போடுகிற அன்று காலை அவள் எழுபது ஸ்கொயர் கேபிள் சுருளை அவிழ்த்துத் தரையில் நீட்டிக்கொண்டிருந்தாள். மெக்கானிக் பக்கத்தில் வந்து நின்றார்.

"பேட்டரி முன்னாடியே இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

"எங்க முன்னாடி?"

"இடது பக்கம்."

"அங்க என் காலு இருக்கும். பேட்டரிய அங்க வெச்சுட்டு நான் எங்க உட்கார்றதாம், கூரை மேலயா?"

சொல்லிவிட்டு, கூரை மேல் உட்கார்ந்து போகிற தன்னையே நினைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். மூக்கில் ஒரு சத்தம் வந்தது, பிறகு வாய் திறந்தது. மகள் போன பிறகு அவள் சிரித்த முதல் சிரிப்பு அது. மெக்கானிக் சட்டென்று திரும்பிப் பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பி ஸ்பேனர் பெட்டியில் எதையோ தேட ஆரம்பித்தார்.

"குட்டையா வெட்டு" என்றார், பெட்டியைப் பார்த்தபடி. "முப்பத்தஞ்சு போதும்."

'போதும்' என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்கு ஏறிக்கொண்டது. "இந்த எஞ்சினுக்கா? டீசல் வண்டிங்க இது. பேட்டரி பின்னாடி போனா போக இவ்வளவு நீளம், திரும்பி வர இவ்வளவு நீளம். முப்பத்தஞ்சு போட்டா பாதி வழியில கரண்டு மூச்சு வாங்கும். எஞ்சின் உங்களுக்குத் தெரியும், ஒத்துக்கறேன். கரண்டு எனக்குத்தான் தெரியும்."

"பின்னாடி போகலன்னா குட்டையே போதுமில்ல?"

"போகலன்னா போதும். ஆனா போகுதே!"

"நான் கேபிளச் சொல்லல."

"பின்ன எதச் சொல்றீங்க?"

அவர் கையில் ஒரு ஸ்பேனரை எடுத்தார். துணியில் துடைத்தார், துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். "ஒண்ணுமில்ல. உன் இஷ்டம்."

இந்த இடத்தில் அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. இதே பேச்சை அவர் அதற்கு முன்பும் சுற்றிச் சுற்றிப் பேசியிருந்தார். நீளம் எதுக்கு, குட்டையாப் பண்ணு, பேட்டரி முன்னாடி இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் அவள் வோல்ட் கணக்குச் சொல்லி அவரை ஜெயித்தாள். வண்டி பாஷையிலேயே வாழ்ந்தவள், அந்த ஒரு பேச்சை மட்டும் வண்டியைப் பற்றியது என்றே எடுத்துக்கொண்டாள். எலக்ட்ரீஷியன் அல்லவா, கேபிள் என்று காதில் விழுந்தால் கேபிளாகத்தான் விழும்.

ஜெயித்த சந்தோஷத்தில் வேலை ஓடியது. எழுபதை நீளமாக வெட்டினாள். முனையில் உறையை உரித்து, வளையம் போன்ற செம்பு லக்கை மாட்டி, பிரஸ்ஸில் வைத்து அழுத்தினாள். இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. பின்னாலிருந்து முன்னால் வரைக்கும் சட்டத்தோடு ஒட்டினாற்போல் கிளிப் அடித்துக்கொண்டு போனாள். தகட்டைத் துளைத்துப் போகிற இடத்தில் ரப்பர் வளையம் போட்டாள். திரும்பி வருவதற்கும் அதே எழுபதில் இன்னொன்று. சாவியைத் திருப்பினால் எஞ்சின் அரைச் சுற்றில் பிடித்துக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும். முதலில் எந்தப் பக்கம் போகலாம் என்று யோசித்துக்கொண்டே கையைக் கழுவினாள்.

மத்தியானம் அவசரம் வந்தான். தண்ணீர் கேன் ஏற்றும் மினி லாரிக்காரன். எப்போதும் பறந்துகொண்டே இருப்பதால் அந்தப் பெயர். லாரியை நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள், அவன் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்தபடி கையாட்டிக்கொண்டு வந்தான்.

"அக்கா, செல்ஃப் எடுக்கல. டிக்குங்குது, அப்புறம் என்னையே பாக்குது."

"அதுக்கும் உன்னத் தெரிஞ்சுபோச்சு. ரிலேயப் பார்க்கறேன், இரு."

செல்ஃபுக்குக் கரண்ட் திறந்துவிடும் ரிலே இடது பக்கம் டேஷ்போர்டுக்கு அடியில் இருந்தது. அவள் இடது கதவைத் திறந்தாள்.

பச்சை ரெக்ஸின். ஓரத்தில் மஞ்சள் நூல்.

"எப்படி நம்ம சொகுசு?" என்று பின்னாலிருந்து அவன் குரல் கேட்டது. "அண்ணன்தான் குடுத்தாரு. எடுத்துட்டுப் போடா, எனக்கு வேணாம்னாரு. மெத்துமெத்துனு இருக்குக்கா. எங்க வீட்டுல இப்ப தினமும் லாரியிலதான் வருவேன்னு அடம்."

முதலில் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. தைத்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில் தையல் கொஞ்சம் கோணியிருந்தது, அவள் கண் கலங்கித் தைத்த இடம் அது. உள்ளே அந்தப் போர்வை இருக்கிறது என்று இவனுக்குத் தெரியாது, பாவம். தெரிந்தவர் கொடுத்திருக்கிறார்.

எனக்கு வேணாம்னாரு. எனக்கு.

பேட்டரி இடது பக்கம். குட்டையா வெட்டு. நான் கேபிளச் சொல்லல. காலையிலிருந்து காதில் கிடந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாக எழுந்து உட்கார்ந்தன. சீட்டு இருந்த இடத்தில் பேட்டரி வந்தால் அந்த வண்டியில் ஒரு ஆள்தான் போக முடியும். இதை அவர் எத்தனை முறை சொல்லியிருக்கிறார்! அவள் ஒவ்வொரு முறையும் எழுபது ஸ்கொயர் என்று பதில் சொல்லியிருக்கிறாள்.

"அக்கா? ரிலே போச்சா?"

"இல்ல" என்றாள். "ரிலே நல்லாத்தான் இருக்கு."

கை தன் வேலையைச் செய்தது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியிலும் மறு முனையை மோட்டாரிலும் வைத்து, சாவியைத் திருப்பச் சொன்னாள். வழியில் விழுவது அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும், ரெண்டைத் தாண்டி நின்றது. கேபிளைக் கழற்றிக் கத்தியால் கீறினாள். பார்க்கக் கட்டை விரல் தடிமன், அத்தனையும் ரப்பர் உறை. உள்ளே செம்பு சுண்டு விரல்கூட இல்லை.

"இந்தக் குண்டு கேபிளா ஏமாத்திருச்சு?" என்று வாயைப் பிளந்தான் அவசரம்.

"வெளிய பார்த்து அளந்தா அப்படித்தான். உள்ள எவ்வளவு இருக்குன்னு உரிச்சுப் பார்த்திருக்கணும்."

புதுக் கேபிள் மாட்டிக் கொடுத்தாள். லாரி ஒரே திருப்பில் கிளம்பியது. அவசரம் ஹார்ன் அடித்துக்கொண்டு போனான், இடது பக்கச் சீட்டு காலியாகக் குலுங்கிக்கொண்டே போயிற்று. அவன் கழற்றிப் போட்ட பழைய கேபிள் அவளுடைய மேசையில் கிடந்தது.

மெக்கானிக் வேனுக்கு அடியில் படுத்திருந்தார். முட்டிக்குக் கீழே மட்டும்தான் வெளியே தெரிந்தது. அவள் ஒரு காலி டின்னைக் கவிழ்த்துப் போட்டு அந்தக் கால்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவசரம் வந்துட்டுப் போறான்."

அடியில் ஸ்பேனர் சத்தம் நின்றது.

"சீட்டு நல்லா மெத்துமெத்துனு இருக்காம்."

கால்கள் அசையவில்லை.

"பேட்டரி என் இடத்துல வரணும். அதத்தான சொன்னீங்க?"

"ம்."

"எத்தன தடவ சொன்னீங்க?"

"சொல்லிக்கிட்டேதான் இருந்தேன்."

"நீங்க கேபிளத்தான சொன்னீங்க!" என்று கத்திவிட்டாள். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஒரு வார்த்த, நீ வராதடின்னு ஒரே ஒரு வார்த்த சொல்ல வாயில்லையா? நான் பைத்தியக்காரி மாதிரி போகவர அளந்துக்கிட்டு இருந்தேன்."

"வாய் வரல."

"இப்ப வருதில்ல. சொல்லுங்க."

முகம் தெரியாத இடத்தில் இருந்ததால்தானோ என்னவோ, அந்த மனிதர் வாழ்க்கையில் முதல் முறையாக வண்டியைப் பற்றி இல்லாமல் பேசினார்.

"ஆரம்பத்துல உன்னையும் கூட்டிட்டுத்தான் போகணும்னு நெனச்சேன். சத்தியமா. கால் பலகை பண்ணேன் பாரு. அப்புறம் நீ அந்தப் போர்வைய உள்ள வெச்சுத் தைச்ச. எனக்கு மூச்சு முட்டிப்போச்சு. உன்னப் பார்த்தா அவ தெரியுறா. நீ நடந்தா அவ நடக்கறா. காலையில சிரிச்சியே, ஒரு நொடி அவதான்னு நெனச்சுட்டேன். அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. திரும்பிப் பார்த்தா நீ."

திரும்பிப் பார்த்தா நீ. இருபத்துச் சொச்சம் வருஷம் கூட வாழ்ந்தவளைப் பார்த்து ஒருவன் இதைவிடக் கொடுமையாக எதையும் சொல்லிவிட முடியாது. அவர் திட்டுவதற்காகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் கொடுமை. அடியிலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அவள விட்டு ஓடிப்போக எனக்கு வேற வழி தெரியல" என்றார்.

"எனக்குக் கண்ணாடியில யாரு தெரியறா?" என்று கேட்டாள். குரல் ரொம்பச் சன்னமாக வந்தது. "நீங்க வண்டி எடுத்துட்டுப் போயிடுவீங்க. நான் இந்த மூஞ்சிய எங்க கொண்டு போறது?"

அவள் எழுந்து தன் மேசைக்குப் போனாள்.

மேசையில் அவசரத்தின் கேபிள் கிடந்தது. அவள் அதைக் கையில் எடுத்தாள். குட்டையாக வெட்டி, கீறிய இடத்தில் டேப் சுற்றிப் புது லக் அடித்தால் அச்சு அசலாக நல்ல கேபிள் மாதிரி இருக்கும். மெக்கானிக்குக்கு வித்தியாசம் தெரியாது. குட்டையாக இருப்பதால் நாளைக்கு இங்கே வெயிலில் வண்டி கிளம்பிவிடும். எங்காவது குளிரான இடத்தில் ஒரு காலையில் 'டிக்' என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளும். அவருக்கு எஞ்சின்தான் தெரியும், கரண்டு தெரியாது. யாரைக் கூப்பிடுவார்? அவளைத்தான் கூப்பிட வேண்டும். அந்தப் போன் மணி அடிப்பதுகூட அவளுக்குக் கேட்டது.

அப்புறம் அவர் அந்தக் குளிரில் ஆளில்லாத ரோட்டில் போனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பதும் தெரிந்தது. நின்றால் இருமல் வரும் அவருக்கு. அவள் கேபிளைப் பழைய இரும்புக் கூடையில் எறிந்தாள்.

வேனில் காலையில் அடித்த கிளிப்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். நீளக் கேபிளை வெளியே இழுத்து மேசையில் கிடத்தி, குட்டையாக வெட்டினாள். குட்டைக்கு முப்பத்தைந்து போதும், அவர் சொன்னது சரிதான். அவள் எழுபதிலேயே செய்தாள். வெட்டும்போது அழுதாள், லக் அழுத்தும்போது அழுதாள், அழுதுகொண்டே இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

மறுநாள் காலை பேட்டரியை அவளே தூக்கி வைத்தாள். இடது பக்கம் அதற்கென்று தனிப் பெட்டி எதுவும் செய்திருக்கவில்லை. கால் பலகைதான் இருந்தது. அவள் பாதத்தை உள்ளங்கையில் வைத்து அளந்து அவர் வெல்டிங் செய்தது. பேட்டரி அதன்மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. பட்டை போட்டு இறுக்கினாள்.

மெக்கானிக் கேபிளைத் தொட்டுப் பார்த்தார். "தடிமன் அதிகம்" என்றார்.

"கோபம் வந்தா அப்படித்தான்."

"திரும்பி வர்ற எர்த்துக்கும் இதேயா? வண்டி பாடியில கட்டினாலே போதுமே."

"உங்களுக்குப் போதும். எனக்குப் போகவர அளந்துதான் பழக்கம். போறதுக்கு எவ்வளவு தடியோ, வர்றதுக்கும் அவ்வளவு தடி இருக்கணும்." அவள் ஸ்பேனரைக் கீழே வைத்தாள். "வர்றதும் வராததும் உங்க இஷ்டம். கேபிளால வரமுடியலன்னு மட்டும் சொல்லக்கூடாது."

அவர் அவள் முகத்தைப் பார்க்க முயன்றார். முடியவில்லை. கண் அவள் நெற்றி வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

"சாவி போடட்டுமா?"

"போடுங்க."

மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். அவள் மாட்டிய கேபிள் எதுவும் அதுவரை தோற்றதில்லை. இது மட்டும் தோற்றுவிடக்கூடாதா, இந்த ஒரு முறை 'டிக்' என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளக்கூடாதா என்று மனசுக்குள் கெஞ்சினாள். அவர் சாவியைத் திருப்பினார். அரைச் சுற்றுகூட ஆகவில்லை, எஞ்சின் பிடித்துக்கொண்டது. மீட்டரில் கால் வோல்ட்கூட விழவில்லை.

வேன் தெருமுனையில் இண்டிகேட்டர் போட்டுத் திரும்பியது. அவள் வயர் இழுத்த விளக்கு, சரியாக விட்டுவிட்டு எரிந்தது.

சாயங்காலம் அவசரம் லாரியில் வந்தான். டீக்கடையில் யாரோ சொல்லியிருப்பார்கள். முதல் முறையாக ஹார்ன் அடிக்காமல் வந்து நிறுத்தினான். இடது கதவைத் திறந்து சீட்டைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான்.

"தெரியாம வாங்கிட்டேன்கா" என்றான். "எங்க வெக்கட்டும்?"

அவள் வேன் நின்ற இடத்தைக் காட்டினாள். தரையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அவன் சீட்டை அங்கே நிறுத்தி வைத்தான், ஆடாமல் இருக்க அடியில் ரெண்டு செங்கல் கொடுத்தான். ரெக்ஸினைத் தன் துண்டால் ஒரு முறை துடைத்துவிட்டு, லாரியை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனான்.

டீ நேரம் அது. அவள் டீயை எடுத்துக்கொண்டு வந்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பஞ்சு மெத்துமெத்தென்று அமுங்கியது. எதிரே அதே சுவர். கால் இரண்டும் பழக்கத்தில் முன்னால் நீண்டு பலகையைத் தேடின. பிறகு கீழே தொங்கின. தரை எட்டவில்லை.